மறையூர் மிஷினும் குறிப்புக் கட்டமும்

கணினி பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். எந்தத் திருகாணியை முதலில் கழற்றுவது, எந்தச் சத்தம் எதன் சத்தம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கைபேசியில் பார்த்துக்கொள்வீர்கள். அதனால் ஒரே ஒரு மிஷினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நான் நான்கு முறை திறந்தேன். முதல் இரண்டு முறை திறந்து மூடியபோதும், வேலை முடிந்தது என்று டைரியில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டும் தப்பு.

டைரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க் கடையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை என் மேசைக்கு வந்த ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். தமிழ் மாதம், மலையாள மாதம், கிழமை, வந்த நேரம், போன நேரம், நோய், மருந்து. வரிசையின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வரைவேன். அதில் எதுவும் எழுத மாட்டேன். கட்டம் இருந்தால் பக்கம் பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக வரைந்தது. நூலகப் புத்தகத்தில் வருஷம் தப்பாக அச்சாகியிருந்தால் பென்சிலால் ஓரத்தில் திருத்தி வைக்கும் ஆள் நான். இதற்காக நூலகரிடம் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன். எண்கள் சரியாக இருந்தால் உலகம் சரியாக இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை உடைத்தது மறையூர் மிஷின்.

அது வந்தது ஒரு திங்கட்கிழமை. பங்குனி மாதம், எங்கள் ஊர் வழக்கத்தில் மீனம். பாலக்காட்டுக் கணவாயில் காற்று நின்றுபோய், கடைத் தகரத்தில் வெயில் படபடவென்று வெடிக்கும் காலம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் போர்வையில் சுற்றிய சிபியுவை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினாள். பெயர் செல்வி. மலைமேல் குளிரில் இருக்கும் மறையூர்க்காரி. சித்தூர் அரசுக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் கடையில்தான் அந்த மிஷினைக் கோத்து வாங்கினாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போய் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில் செய்தாள். மிஷின் அவளோடேயே வயதாகிக்கொண்டிருந்தது. காலையில் மறையூரில் பஸ் ஏறி, உடுமலைப்பேட்டையில் மாறி, பொள்ளாச்சியில் மாறி, மூன்று பஸ்ஸிலும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

நோய் எளிதாகத்தான் தெரிந்தது. பாட்டுக் கேட்கலாம், கடிதம் அடிக்கலாம், படத்தை வெட்டி ஒட்டலாம். ஒன்றும் ஆகாது. எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கோத்து முழுப் படமாக வெளியே எடுக்கும் கடைசி வேலை இருக்கிறதே, நாம் ரெண்டர் என்கிறோம், அதைத் தொடங்கினால் இருபது நிமிஷத்துக்குள் பட்டென்று அணைந்துவிடும். பாரம் ஏற்றினால் விழும் மிஷின்.

இந்த முறை அவள் எடுத்திருந்தது தன் தங்கையின் கல்யாணம். அதில் ஒரு விஷயம் இருந்தது. அவள் அப்பா வளைகுடாவில் ஒரு தொழிலாளர் முகாமில் சமையல்காரர். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் வீடியோ அழைப்பில் பார்க்கச் சொல்லி எல்லாரும் கெஞ்சியிருக்கிறார்கள். மனிதர் கைபேசியை அணைத்து அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு, முகாமில் இருந்த அத்தனை பேருக்கும் பாயசத்தோடு கல்யாணச் சாப்பாடு போட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் ஒரு போட்டோகூடப் பார்க்கவில்லை. துண்டு துண்டாக, உள்ளங்கை அளவில் பார்க்க மாட்டேன், ஊரோடு உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பேன், அதுதான் நான் கல்யாணத்துக்கு வந்ததாகக் கணக்கு என்று சொல்லிவிட்டார். இப்போது பத்து நாள் லீவு கிடைத்து வெள்ளிக்கிழமை வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை வாசலில் திரை கட்டிப் படம். திங்கட்கிழமை காலை தங்கையும் மாப்பிள்ளையும் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள். மகளையும் மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் பார்ப்பதற்கு இருந்தது அந்த ஒரு மாலைதான்.

"சார், எனக்குப் படம் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் செல்வி.

எங்கள் கடை முதலாளி ஒரு ராவுத்தர். என் வயதுக்காரர்தான். வேறு புது மிஷினில் ஏற்றிப் படத்தை எடுத்துவிட முடியாதா என்று கேட்டார். செல்வியின் மென்பொருள் பழையது, புது மிஷின்களில் ஏறாது. இன்னொன்றில் செய்வதானால் மூன்று மணி நேரப் படத்தை முதலிலிருந்து வெட்டி ஒட்ட வேண்டும். நானும் முதலாளியைக் கையமர்த்தினேன். இதற்குப் போய் வேறு மிஷின் எதற்கு என்றேன்.

பக்கப் பலகையைத் திறந்து, எல்லாரும் செய்வதுபோல மேசைமேல் மல்லாக்கப் போட்டேன். உள்ளே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெல்ல வாசனை. அவள் வீட்டுக்கு அடுத்த தோட்டத்தில் கரும்பு ஆட்டிப் பாகு காய்ச்சும் கொட்டகை இருந்தது. ஆவி ஏறி ஏறி, பிராசசர் மேலிருக்கும் விசிறியும் அதன் அடியில் இருக்கும் ஹீட் சிங்க் என்ற அலுமினியக் கட்டியும் பிசுபிசுவென்று தூசி பிடித்து எள்ளுருண்டை மாதிரி இருந்தன. ஓர் எறும்பு வரிசை வேறு. கட்டியைக் கழற்றிக் கழுவி, சூட்டைக் கடத்தும் பசை தடவி, திரும்ப வைத்து, அதன் நான்கு மூலைகளிலும் உள்ள பிளாஸ்டிக் முளைகளை அழுத்தினேன். 'நான்கும் டக் என்று விழுந்தன' என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு 'டக்' என் கற்பனை.

பிறகு சோதனை. பாரம் ஏற்றும் மென்பொருளை இரண்டு மணி நேரம் ஓட விட்டேன். அந்த வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், அசையவில்லை. செல்வியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர் எல்லாருக்கும் கொடுப்பது. நாள், நேரம், என்ன வேலை, எத்தனை நிமிஷம், குறிப்பு என ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்து, "இனிமே கண்டிப்பா நிக்காதுங்க அம்முணி, சும்மா எழுதி வைங்க" என்றேன். அன்று கல்லூரித் தோழி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை எடுத்துப் போனாள்.

செவ்வாய் மாலை போன் வந்தது. பதினெட்டாவது நிமிஷத்தில் அணைந்துவிட்டது. மறுபடி போட்டாள். பதினேழு.

புதன்கிழமை அதே போர்வை, அதே மூன்று பஸ். ராவுத்தர் என் மேசைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க டைரிக்காரரே, என்னன்னு எழுதுனீங்க?"

"வேலை முடிஞ்சதுன்னுங்க."

"மிஷின் வேலை முடிஞ்சதுங்களா, அந்தப் பொண்ணு வேலை முடிஞ்சதுங்களா?"

இது அவர் பழக்கம். மிஷின் வெளியே போன இரண்டாம் நாள் அவரே போன் செய்வார். மிஷின் நன்றாக இருக்கிறதா என்று கேட்க மாட்டார். உங்க வேலை ஆச்சுங்களா என்று கேட்பார். அது வியாபார மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நான் யோசித்த விதத்தை அப்படியே சொல்கிறேன், கவனியுங்கள். பாரத்தில் அணைகிறது என்றால் முதல் சந்தேகம் சூடு. ஆனால் சித்தூர் வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்கிய மிஷின், போர்வை போர்த்திப் படுக்கிற மறையூரில் எப்படிச் சூட்டால் விழும்? ஆகவே சூடு கிடையாது. என் மேசையில் ஓடுகிறது, அவள் வீட்டில் நிற்கிறது. ஆகவே கோளாறு அவள் வீட்டில். அடுத்த தோட்டத்தில் கரும்பு ஆட்டும் மோட்டார் ஓடுகிறது. ஆகவே மின்னழுத்தம். ஒவ்வோர் 'ஆகவே'யும் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இப்போது படித்தாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

பவர் சப்ளையை மாற்றினேன். ரேம் இரண்டையும் சோதித்தேன். மீதிப் பகல் முழுக்க, கடை சாத்தும்வரை ஓட விட்டேன். மல்லாக்கப் படுத்தபடி ஆனந்தமாக ஓடியது. கடையிலிருந்த ஸ்டெபிலைசரையும் கையில் கொடுத்தேன். "கண்டிப்பாங்களா சார்?" என்று கேட்டாள். "கண்டிப்பாங்க" என்றேன். ஒரே வாரத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது இரண்டாம் முறை.

வியாழன் மாலை இரண்டு முறை அணைந்தது.

வெள்ளி மாலை அவள் போன் செய்யவில்லை. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அடியில் ஒரே வரி. அப்பா வந்துட்டாங்க சார்.

அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஆறு வரிகள். ஐந்தில் பதினெட்டு, பதினேழு, பத்தொன்பது, பதினாறு, இருபது என்று நிமிஷங்கள். ஒரே ஒரு வரி, வெள்ளி காலையில் எழுதியது, வேறு மாதிரி இருந்தது. 'பாட்டுப் பகுதி மட்டும் ரெண்டர், ஒண்ணே கால் மணி நேரம், நிற்கவில்லை.' எனக்குத் துள்ளலாக இருந்தது. உடனே அவளைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டேன். வெள்ளி காலையில் கரும்பு மோட்டார் ஓடியதா? இல்லை சார், மதியத்துக்கு மேலதான் ஆட்டுனாங்க என்றாள். போதாதா? அந்த வரியின் ஐந்தாவது கட்டத்தில், சிறிய எழுத்தில், ஏதோ நெருக்கி எழுதியிருந்தாள். அதையும் படித்தேன். வீட்டு வேலை பற்றி ஏதோ. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானே கிளம்பினேன். பையில் வோல்ட் மீட்டர், இன்னொரு பெரிய ஸ்டெபிலைசர். சின்னாறு செக்போஸ்டைத் தாண்டியதும் ரோட்டில் ஒற்றை யானை நின்றதால் பஸ் இருபத்தைந்து நிமிஷம் தாமதம். அதையும் எழுதியிருக்கிறேன்.

பதினொன்றரைக்கு மறையூரில் அவள் வீட்டு வாசலில் நின்றபோது, ஏற்கனவே மூங்கில் நட்டுத் திரை கட்டும் வேலை நடந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் கல்லடுப்புக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் செல்வியின் அப்பா. மகளின் மிஷின் வைத்தியர் என்று தெரிந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க மொகத்தத் தொங்கப் போடாதீங்க. படம் வந்தாலும் சாப்பாடு உண்டு, வராட்டியும் சாப்பாடு உண்டு. எரநூறு பேருக்குச் சொல்லிப்புட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுத் திரையை ஒரு முறை பார்த்தார். வெறும் வெள்ளைத் துணி. கல்யாண வீட்டில் வந்து நின்றுகொண்டு அதற்குள் நுழையாமல் இருக்கிற ஆளின் பார்வை அது. செல்வி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு முறை நான் சொன்ன 'கண்டிப்பா' இரண்டும் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

நேரே அறைக்குப் போனேன். மேசைமேல் நெட்டுக்குத்தாக நின்றது மிஷின். மீட்டரைச் சொருகினேன். ரெண்டரைத் தொடங்கச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் முள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பதினெட்டாவது நிமிஷத்தில், என் கண் முன்னால், முள் அசையாமல் இருக்கும்போதே மிஷின் பட்டென்று அணைந்தது.

நான்கு நாள் கட்டிய கோட்டை அது. மீட்டரைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் கை தானாக ஒரு வேலை செய்யும். என் கை மிஷினைத் தூக்கிக் கட்டிலில் மல்லாக்கப் போட்டுப் பக்கப் பலகையைத் திறந்தது. என்ன தேடுகிறேன் என்று தெரியாமலே மறுபடி ரெண்டரைப் போடச் சொன்னேன். இருபது நிமிஷம். முப்பது. நாற்பது. ஓடியது. சரியாகிவிட்டது போலிருக்கிறது, ஏதோ ஒரு வயர் நழுவியிருக்கும் என்று நிறுத்தி, பலகையை மூடி, மேசையில் நிமிர்த்தி வைத்து மறுபடி தொடங்கினேன். பதினேழாவது நிமிஷம், பட்.

திரும்பக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். செல்வியின் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பேசினார்.

"ஏண்ணே, படுக்கப் போட்டா ஓடுது. நிமுத்துனா அணையுது. பெறகு ஏன் அதச் சும்மா சும்மா நிமுத்திக்கிட்டே இருக்கீக? நேத்தும் நான் தரை மெழுகயில கட்டில்லதான் கெடந்துச்சு. நல்லாத்தான ஓடுச்சு."

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி நோட்டைப் பார்த்தாள். வெள்ளி காலை வரி, ஐந்தாவது கட்டம். 'அப்பா வர்றதால அம்மா தரை மெழுகுனாங்க. மிஷினைக் கட்டிலில் படுக்கப் போட்டு ஓட்டினேன்.'

எழுதித்தான் இருந்தாள். நான் படித்தும் இருந்தேன்.

கைபேசியில் விளக்குப் போட்டு, மிஷினை மெதுவாக நிமிர்த்திக்கொண்டே உள்ளே பார்த்தேன். மேல்பக்கத்து முளை ஒன்றின் நுனி உடைந்திருந்தது. படுத்திருக்கும்போது ஹீட் சிங்க் தன் பாரத்திலேயே பிராசசர் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தது. நிமிர்த்தியதும் மேல்பக்கம் தலையைக் கொஞ்சம் முன்னால் தொங்கவிட்டது. ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. அவ்வளவுதான். பாரம் ஏறும்போது சூடு வெளியே போக வழியில்லாமல் மிஷின் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. சூட்டளவைத் திரையில் போட்டுப் பார்த்தேன். நிமிர்த்தினால் எண் ஏறியது, படுக்க வைத்தால் இறங்கியது. முதல் நாளே மறையூரில் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்திருக்கும். சூடு கிடையாது என்று தீர்ப்பு எழுதிவிட்டவன் அதை எதற்குப் பார்க்கச் சொல்லப் போகிறேன்?

நம் தொழிலில் எல்லாரும் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். நம் மேசைக்கு வரும் மிஷின்கள் எல்லாம் படுத்துக்கொள்கின்றன. திறப்பது, துடைப்பது, சோதிப்பது எல்லாம் படுத்த நிலையில். வீட்டுக்குப் போனதும் அவை நிற்கின்றன. நான் அத்தனை வருஷமும் ஒரு மிஷினையும் அது வேலை செய்யும் நிலையில் சோதித்ததில்லை.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். மணி ஒன்றே முக்கால். முழு ரெண்டருக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். கோளாறு தெரிந்துவிட்டது. என் பையில் மெல்லிய கம்பி இருந்தது, திருகாணிகள் இருந்தன. அந்த முளையை எடுத்துவிட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டலாம். விரல்கள் துடித்தன. நான்கு நாள் அவமானத்தை அரை மணி நேரத்தில் கழுவிவிடலாம்.

"சார், அதச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் செல்வி.

"அரை மணி."

"சரி பண்ணா கண்டிப்பா ஓடுமா?"

முளைகள் பழைய பிளாஸ்டிக். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையலாம். கட்டியைத் தூக்கினால் பசை மறுபடி தடவ வேண்டும், பசை சித்தூரில் இருந்தது. இதையெல்லாம் யோசித்த பிறகு ராவுத்தரின் கேள்வி காதில் விழுந்தது. யாருடைய வேலை?

"தெரியாதுங்க அம்முணி" என்றேன். "ஆனா இப்படியே படுத்திருந்தா ஓடும். நான் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீங்க."

அதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் தெரியாது என்று நான் சொன்னதில்லை. அவள் முகம் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தெளிந்தது.

ரெண்டரைத் தொடங்கினோம். அதற்குப் பிறகு நடந்த ஐந்து மணி நேரம் என் பணிக்காலத்திலேயே சந்தோஷமான ஐந்து மணி நேரம். செல்வியின் அப்பா கட்டிலைச் சுற்றி நாற்காலிகளை வேலி மாதிரி போட்டார். கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது, அந்த அறையில் யாரும் நடக்கும்போது குதிகால் ஊன்றக் கூடாது என்று உத்தரவு. செய்தி தெருவுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆள் பார்ப்பதுபோல ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார், வேண்டுமென்றே. சூரியநெல்லி எஸ்டேட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்து, படத்துக்காக இரண்டாம் முறையும் வந்திருந்த ஓர் அத்தை, விசிறி சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் விவரம் கேட்டார். படுத்துக்கொண்டால்தான் வேலை செய்யும் என்றேன்.

"எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான்" என்றார். "ஆனா அந்தாளு படுத்தாலும் வேல நடக்காது."

கரண்ட் மட்டும் போகக் கூடாது என்று செல்வி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போகவில்லை. ஆறு மணி ஐம்பத்திரண்டுக்குப் படம் முழுதாக வெளியே வந்தது. செல்வி அதைத் திறந்து முதல் பத்து நொடி பார்த்தாள், நடுவில் பத்து நொடி, கடைசியில் பத்து நொடி. பிறகு எழுந்துபோய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்பா அறை வாசலில் முதுகைக் காட்டி நின்றார். திரையில் ஏதாவது தெரிந்துவிடக் கூடாதாம். நாளைக்குத்தான் கல்யாணம் என்றார்.

என்னைப் போக விடவில்லை. ஞாயிறு மாலை நான் பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இருட்டத் தொடங்கியதும் கட்டிலையே வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். மேலே பக்கப் பலகை திறந்தபடி மிஷின், அதன் பக்கத்தில் படிப்பகத்திலிருந்து இரவல் வாங்கிய புரொஜக்டர். பாய்களில் ஊர். முன்வரிசையில் பட்டுச் சேலையில் தங்கை, பக்கத்தில் மாப்பிள்ளை. கல்யாணத்தன்று கட்டிய அதே துணிகள். அம்மாதான் கட்டச் சொல்லியிருக்கிறார்.

செல்வியின் அப்பா கடைசியாக வந்தார். புது வேட்டி, சட்டை, சந்தனப் பொட்டு. வாசலில் வைத்திருந்த பன்னீர்ச் செம்பிலிருந்து தன்மேல் தானே தெளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

படத்தில் அவர் இடத்தில் நின்று எல்லாவற்றையும் செய்தது அவர் தம்பி. மணையில் தம்பி தடுமாறியபோதெல்லாம் பாயிலிருந்து சிரிப்பு வந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி பார்த்தார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வாய்க்குள் எண்ணினார். கெட்டி மேளம் எழும்பியபோது அம்மா ஒரு தாம்பாளத்தை நீட்டினார். மஞ்சள் அரிசியும் பூவும். அது முதலிலேயே எல்லார் கைக்கும் போயிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. திரையில் மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்தார். செல்வியின் அப்பா எழுந்து நின்று, திரையைப் பார்த்து ஒரு கை, திரும்பி மகளையும் மருமகனையும் பார்த்து ஒரு கை, அட்சதை போட்டார். உடனே இருநூறு பேரும் போட்டார்கள். திரைமேல், மாப்பிள்ளை தலைமேல், என் கழுத்துக்குள் எல்லாம் அரிசி.

"சாப்பாடு எப்படிம்மா இருந்துச்சு, அன்னைக்கு?" என்று மகளிடம் கேட்டார்.

"இன்னைக்கு அளவுக்கு இல்லப்பா" என்றாள் அவள்.

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அடுத்த வாரம் புதிய முளைகளோடு மறையூருக்குப் போனேன். நான்காவது முறை திறந்தேன். நான்கு முளைகளையும் அழுத்தி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, மிஷினை மேசையில் நிமிர்த்தி வைத்து அங்கேயே இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அதற்கப்புறம் அது நிற்கவில்லை. என் கடை மேசையிலும் அன்றிலிருந்து ஒரு மிஷினையும் நிமிர்த்தி வைத்துச் சோதிக்காமல் வெளியே அனுப்பவில்லை. வாடிக்கையாளர் எழுதிக் கொண்டுவரும் தாளில் கடைசிக் கட்டத்தை முதலில் படிப்பேன். நீங்களும் அப்படிச் செய்தால் எனக்குச் சந்தோஷம்.

அன்று ஹீட் சிங்கைத் தூக்கியபோது அதன் அலுமினிய இதழ்களுக்கு நடுவில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. மறுபடி ஏறத் தொடங்கியிருந்த வெல்லப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு ஏழு அரிசி. அவற்றை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் மடித்தேன். கடைக்குத் திரும்பி டைரியைத் திறந்து, கிழமை, மாதம், நேரம், நோய், மருந்து எல்லாம் எழுதிய பிறகு பேனா கடைசிக் கட்டத்தின்மேல் நின்றது. அத்தனை வருஷமும் காலியாக வரைந்து விட்ட கட்டம்.

'அட்சதை, ஏழு' என்று எழுதினேன்.